மொறுமொறு கோழியும் மொட்டைமாடிப் புகையும்



செஞ்சிக் கோட்டையும் சிங்கவரம் குடைவரைக் கோயிலும் இந்த முறை ஓய்வெடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் புகைகிறதே ஒரு கறுப்புப் பெட்டி, அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஸ்மோக்கர் என்கிறார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்காமலே பொரித்த கோழி மாதிரி மொறுமொறுவென்று வரும் என்கிறார்கள் வாங்கியவர்கள். தோல் ரப்பர் மாதிரி இழுக்கிறது என்கிறார்கள் சாப்பிட்டவர்கள். மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் சொல்வதை இங்கே அச்சிட முடியாது. மூன்று தரப்பும் சொல்வது சரிதான்.

மொறுமொறுப்பின் கதை எண்ணெயின் கதைதான். நம் ஊர்ப் பக்கம் கோழி என்றால் குழம்பு. ஒரு கோழிக்குப் பத்து வாய். குழம்பு வைத்தால்தான் எல்லோருக்கும் எட்டும். சட்டி நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிப்பதற்கு முதலில் அத்தனை எண்ணெய் வீட்டில் இருக்க வேண்டுமே! அந்த எண்ணெய் நம் கண்ணெதிரில் விளைவதுதான். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய வேர்க்கடலை 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டுப் புன்செய்களில் பரவியது. புதுச்சேரி வழியாகக் கப்பல் ஏறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு, எண்ணெய்க்கும் சோப்புக்கும் போனது. இங்கே நாம் அதை மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. பெயரிலேயே கடல்வழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வந்தது. டி.எம்.வி. என்பதில் இருப்பது திண்டிவனம்தான். செஞ்சி மார்க்கெட்டுக்கு மூட்டை வரும் நாளில் போய்ப் பாருங்கள்.

அமெரிக்காவில் அந்த இடத்தில் இருந்தது பன்றிக்கொழுப்பு. மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில், கோழித்துண்டை மாவில் புரட்டிக் கொழுப்பில் பொரிக்கும் முறை இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளின் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்கள். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்த பிறகு, வர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் அந்தப் பெண்களே தலையில் தட்டைச் சுமந்து, ரயில் பெட்டியின் ஜன்னல் வழியாகப் பொரித்த கோழியை விற்றார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ஜன்னல் வழியாக உணவுப் பொட்டலம் வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சி உடனே புரியும். அந்த வருமானத்தில் அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள், வீடு கட்டினார்கள். இன்று பொரித்த கோழி என்றதும் நமக்கு ஞாபகம் வருவதோ வெள்ளைத் தாடிக்காரரின் படம். ஹார்லாண்ட் சாண்டர்ஸ் 1930இல் கென்டக்கியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் சாப்பாடு போட ஆரம்பித்தவர். 1939இல் பிரஷர் குக்கரைப் பொரிப்பதற்குப் பயன்படுத்தியது அவர் சாமர்த்தியம். நேரம் பாதிக்கு மேல் குறைந்தது. அந்தக் கடை 1995இல் பெங்களூருக்கு வந்தது, 1996 ஜனவரியில் விவசாயச் சங்கத்தாரின் தாக்குதலுக்கும் ஆளானது.

இப்போது 1965க்கு வாருங்கள். சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் சிக்கன் 65 பிறந்தது அந்த வருடம் என்று சொல்லப்படுகிறது. (65 மிளகாய், 65 நாள் கோழி கதைகளை நான் நம்புவதில்லை.) அதே 1965இல் அமெரிக்காவில் ஷேக் அண்ட் பேக் என்று ஒரு பாக்கெட் தூள் வந்தது. கோழித்துண்டைத் தூளோடு பையில் போட்டுக் குலுக்கி அவனில் வைத்தால் பொரித்தது போல இருக்கும் என்பது விளம்பரம். நம் பக்கம் எண்ணெய்ச் சட்டிக்குள் கோழி இறங்கிய வருடத்தில் அங்கே சட்டியை விட்டு ஏறப் பார்த்திருக்கிறது!

ஸ்மோக்கர் வேறு வம்சம். சிகாகோ அருகே ஒரு இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையின் அரைக்கோளத்தில் கரி போட்டு, மூடி வைத்து, காற்றுத் துளை விட்டார். மூடி வைத்ததால் அது அடுப்பாகவும் அவனாகவும் ஆனது. மரத்தூள் குச்சிகளைத் தானே தள்ளி எரிக்கும் பெட்டிகள் 1980களில் வந்தன. புகை நமக்கும் புதிதல்ல. விதைக்கதிரைப் பூச்சி அண்டாமல் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டவர்கள் நம் பாட்டிமார்கள்.

ஆனால் புகை போடுவதும் மொறுமொறுப்பாக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். ஈரமான பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். மொறுமொறுப்புக்கோ பரப்பு காய்ந்திருக்க வேண்டும். மரம் எரியும்போது நீராவியும் சேர்ந்தே வருகிறது. வழக்கமான 110 டிகிரியில் வைத்தால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு முழுக்க உருகாது. அதுதான் ரப்பர். ஆகவே பெட்டியை 190 டிகிரிக்கு ஏற்றி அவனாகவே நடத்துங்கள். புகை வாசனைக்கு முதல் கால் மணி நேரம் போதும். தோலோடு வேண்டும் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இங்கே உரித்துத்தான் கொடுப்பார்கள். உப்பு தடவி மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் தோல் காயும். தோல் இல்லாத துண்டென்றால் மோரில் ஊறவைத்து, அரிசி மாவும் சோள மாவும் கலந்து புரட்டி, மேலே மல்லாட்டை எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் துளியும் வேண்டாம் என்றால் மாவு வெள்ளையாகவே நிற்கும். கம்பி வலையில் இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் ஒருமுறை திருப்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். எலும்போரத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்டாமல் எடுக்காதீர்கள். புகை பட்ட கறி வேகாமலே சிவந்து ஏமாற்றும், வெந்த பிறகும் சிவந்தே இருக்கும். மா, கொய்யா விறகு நல்லது. வேம்பு கசக்கும். சாயம் பூசிய பலகையும் பிளைவுட்டும் கூடவே கூடாது.

இனி துணிக்காரர்கள் பக்கம். அடுப்படிப் புகையை விரட்டத்தான் 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது, 2016இல் மத்திய அரசு உஜ்வலா கொண்டுவந்தது. அதற்குள் நாம் காசு கொடுத்துப் புகையை மாடிக்கு ஏற்றியிருக்கிறோம். மேல்தளங்களில் இழுப்பு நோயாளிகளும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். அசைவ வாசனையே பிடிக்காத வீடுகளும் உண்டு. அது அவர்கள் உரிமை, சாப்பிடுவது மற்றவர்கள் உரிமை. தடை போட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 190 டிகிரியில் சுத்தமாக எரியும் பெட்டி, மூச்சுத் திணறி எரிவதைவிடக் குறைவாகவே புகைக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு மேல், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், பக்கத்தில் ஒரு வாளி மணல், முதல் நாளே அறிவிப்புப் பலகையில் தகவல். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். துணிக்காரர்கள் அவசியம் வந்து பேசுங்கள்.