பட்ட வகுப்பில் வரலாறும் பெங்களூரும்

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையை அதன் ஆராய்ச்சி நூல்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. எனினும், அந்நூல்களை இயற்றுவோரும் அவற்றைக் கற்போரும் முதன்முதலாக உருவாகும் இடம் இளங்கலைப் பட்ட வகுப்பேயாகும். பெங்களூரின் பட்ட வகுப்புகளுக்கும் தமிழக வரலாற்று ஆராய்ச்சிக்கும் நூறாண்டு கடந்த உறவு உண்டு. நம்மில் பலரும் அறியாத அவ்வுறவினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதற்கடுத்த ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய உயர்நிலைப்பள்ளி, 1875இல் மத்தியக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மைசூர் அரசின் கல்லூரியாயினும் அதன் மாணவர் எழுதியது சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வையே. அந்நாளைய வரலாற்றுப் பாடத்தில் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் இருந்த இடம் பெரிது. தென்னாட்டைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஆங்கிலேயர் வருகைக்குப் பிற்பட்டதாகவே இருந்தது. பல்லவரும் சோழரும் பாடத்தில் இடம்பெறாமைக்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முதல் நூல் வெளிவந்தது 1890இல்தான். சான்றுகளே அப்பொழுதுதான் அச்சேறிக்கொண்டிருந்தன.

இச்சூழலில் மத்தியக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர் எஸ்.கிருஷ்ணசாமி அய்யங்கார். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் 1871இல் பிறந்த இவர், 1899 முதல் 1909 வரை இக்கல்லூரியில் பணியாற்றினார். சங்கப் பாடல்களைப் புலவர்தம் கற்பனை என்று ஒதுக்கிவிடாமல், கல்வெட்டோடும் அயல்நாட்டார் குறிப்போடும் ஒப்பிட்டு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. சிலப்பதிகாரம் கூறும் கயவாகு வேந்தனையும் இலங்கையின் மகாவம்சம் கூறும் கஜபாகுவையும் ஒருவரெனக் கொண்டு, சேரன் செங்குட்டுவன் காலத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தும் முறையை அவர் வலியுறுத்தினார். பின்னர் 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு முதற் பேராசிரியராக அமர்ந்து, 1929 வரை அப்பதவியில் விளங்கினார். அவருடைய ஆசிரியப் பணியின் முதற் பத்தாண்டு நம் ஊரில் கழிந்தது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியன்றோ!

கயவாகு பற்றிய இக்கருத்தை அவருக்கு முன்பே விரித்துரைத்தவர் வி.கனகசபைப் பிள்ளை. ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ பற்றிய தம் ஆங்கில நூலை அவர் 1904இல் வெளியிட்டார். கல்லூரிப் பேராசிரியரல்லர், அஞ்சல் துறை அலுவலர். கோப்புகளிடையே காலம் கழிக்கும் என்போன்ற மத்திய அரசு ஊழியர்க்கு அவர் வாழ்வு ஒரு நல்ல ஊக்கம்.

கிருஷ்ணசாமி அய்யங்காருக்குப் பின் அப்பேராசிரியப் பதவியை ஏற்றவர், ‘சோழர்’ என்னும் பெருநூலை இயற்றிய கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியார். அவரிடம் ஆராய்ச்சி பயின்றவர்களுள் ஒருவர் சி.மீனாட்சி அம்மையார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே. பல்லவர் ஆட்சிமுறையும் சமுதாய வாழ்வும் பற்றிய இவரது நூல் 1938இல் வெளிவந்தது. மறு ஆண்டு பெங்களூர் மகாராணி கல்லூரியில் ஆசிரியப் பதவி இவரைத் தேடி வந்தது. காஞ்சிக் கோயிற் சிற்பங்களை நேரிற்கண்டு ஆய்ந்தவர் நம் நகரத்துக் கல்லூரிப் பெண்களுக்கு ஆசிரியராக வந்தார். அந்தோ! 1940இல், முப்பத்தைந்து வயது நிரம்புமுன்னரே அவர் மறைந்தார்.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் தோன்றியபொழுது, அறிவியல் மத்தியக் கல்லூரிக்கும் கலைப்பாடங்கள் மைசூர் மகாராஜா கல்லூரிக்கும் உரியவாயின. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964இல் பிறந்து, 2017இல் மூன்றாகப் பிரிந்தது. வரலாறு, பொருளியல், அரசியல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயிலும் ‘எச்.இ.பி.’ பிரிவு இங்குப் பல தலைமுறையினர்க்குப் பழக்கமானது. பட்டப் படிப்பை 2021இல் நான்காண்டாக நீட்டித்தனர். 2024இல் மீண்டும் மூன்றாண்டாக்கினர். ஆண்டுக் கணக்கு மாறுகிறது. ஆயின், வகுப்பில் அமரும் மாணவன் தன் ஊரின் சான்றைத் தானே படிக்கக் கற்கிறானா என்ற வினா அப்படியே நிற்கிறது.

இவ்வினா நமக்கு நெருங்கிய ஒன்று. மத்தியக் கல்லூரியாக வளர்ந்த அந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த லூயி ரைஸ், பிற்காலத்தில் ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்னும் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டார். பெங்களூர், கோலார் மாவட்டங்களுக்குரிய தொகுதிகள் 1905இல் வந்தன. அவற்றில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகப் பல. காக்ஸ் டவுனிலிருந்து சிறிது தொலைவிலுள்ள தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவை கன்னட நாட்டுப் போசள மரபினனாகிய இராமநாதன் காலத்தைச் சார்ந்தவை. அவனோ, திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்தும் ஆண்டவன். கன்னட அரச மரபு, தமிழ் எழுத்து, பெங்களூர் மண் ஆகிய மூன்றும் ஒரே கல்லில் கூடியிருக்கின்றன. இது யாருடைய வரலாறு என்று வழக்காடுவதற்கு அக்கல்லில் இடமில்லை.

ஆயினும், அதனைப் படிப்பார் யார்? கன்னட வழி பயின்ற மாணவர்க்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பழைய தண்டுப் பகுதியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள்ளும் பலர், வீட்டில் தமிழ் பேசினும், எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாதவர். வேலைவாய்ப்பினைக் கருதி வணிகவியலும் கணினியும் பயிற்றுவிக்கும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், இரு சாராரும் படிக்கவியலாத கல் நாளடைவில் சுண்ணாம்புப் பூச்சுக்கும் புதுத் தளத்துக்கும் இரையாகும். அங்ஙனம் அழிந்தபின் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் அதனை மீட்டுத் தர முடியாது.

எனவே, இந்நகரத்து இளங்கலை வரலாற்று வகுப்பில் கல்வெட்டு வாசிப்பு ஒரு பாடமாக அமைதல் வேண்டும். அதிற் கன்னடமும் தமிழும் அருகருகே கற்பிக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகம் அதனைச் செய்யும் நாள்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. விடுமுறை நாள்களில் தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் கற்பித்து, கன்னட மாணவரையும் உடனழைத்துத் தொம்மலூருக்குச் செல்வது நம்மால் இயலாத செயலன்று. பேராசிரியர்கள் பலரை ஆசிரியராகப் பெற்ற ஊர் இது; அவர் வழிவரும் மாணவரைத் தருவதும் இவ்வூரின் கடனேயாகும்.