லெபனானில் அகதியும் லிராவும்

அடைக்கலம் தேடி வந்தவனுக்கு அரபு மொழியில் ‘லாஜி’ என்று பெயர். இருந்த இடம் பெயர்ந்தவனை ‘நாஸிஹ்’ என்பர். 2011க்குப் பின் சிரியாவிலிருந்து ஓடிவந்த மக்களை லெபனான் அரசு இரண்டாவது சொல்லாலேயே குறித்து வந்தது. முதற் சொல்லை ஒப்புக்கொண்டால் உரிமைகளும் கூடவே வந்துவிடும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அந்நாடு சேரவும் இல்லை. 1948இல் வந்த பலஸ்தீனர்களின் வழியினர் இன்றும் அங்கேயே முகாம்களில் வாழ்கின்றனர் என்பதும் ஆட்சியாளர் மனத்தில் இருந்தது.

இதனை வெறும் கல்நெஞ்சம் எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. குடிமக்கள் ஐம்பது லட்சங்கூட இல்லாத நாட்டில், 2015 ஏப்ரலில் ஐ.நா. பதிவேட்டிலிருந்த சிரியர் மட்டும் ஏறத்தாழ 12 லட்சம். அடுத்த மாதமே பதிவை நிறுத்துமாறு அரசு பணித்தது. முறையான முகாம் அமைக்கவும் இசையவில்லை. ஆகவே பெக்கா பள்ளத்தாக்கின் வயல்களில் நிலத்துக்கு வாடகை கொடுத்துக் கூடாரம் அடித்தனர். 2019இல் அர்சால் ஊரில், ஐந்து வரிசைக் கல்லுக்கு மேல் எழுப்பிய சுவர்களை இடிக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. குளிர்காலத்தில் பனி கொட்டும் மலையூர் அது!

அவ்வாண்டின் இறுதியில் நாணயமும் சரிந்தது. 1997 முதல் டாலருக்குச் சுமார் 1,507 லிரா என்று கட்டிவைத்திருந்த மதிப்பு சந்தையில் நிற்கவில்லை. வங்கிகள் மக்களின் வைப்புப் பணத்தை முடக்கின. 2020 மார்ச்சில் அரசு கடன் தவணை தவறியது. ஆகஸ்ட் 4ஆம் நாள் பெய்ரூத் துறைமுகம் வெடித்தபோது தானியக் களஞ்சியமும் பாழாயிற்று.

உதவி சென்ற வழியைச் சற்றே கவனிக்க வேண்டும். நன்கொடை நாடுகள் தந்தவை டாலர்கள். உள்ளூர் வங்கி அவற்றை லிராவாக மாற்றி அகதியின் அட்டையில் ஏற்றும். சந்தை விலைக்கும் வங்கி தந்த விலைக்கும் இடையே இருந்த பள்ளத்தில் பெருந்தொகை மறைந்தது. குறைந்தது 25 கோடி டாலர் இவ்வாறு போயிற்றென 2021இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு கணக்கிட்டது. முன்பு ஆளொன்றுக்கு மாத உணவுக்கு 27 டாலர், அதாவது சுமார் 40,000 லிரா கிடைத்தது. பின்னர் அதை ஒரு லட்சம் லிராவாக உயர்த்தினர். ஆயினும் 2021 மார்ச் சந்தையில் அதன் மதிப்பு ஏழு டாலருக்கும் குறைவே.

டாலராகவே கொடுத்தால் என்ன? அங்கேதான் அரசியல் குறுக்கிட்டது. சிப்பாயின் மாதச் சம்பளமே நூறு டாலருக்குக் கீழே இறங்கியிருந்த நாட்டில், அந்நியன் கையில் டாலர் நோட்டைக் காணும் அயலான் எரிச்சலுறுவான் என்றது அரசு. 2023 மே மாதம் டாலரிலும் வழங்க முற்பட்ட ஏற்பாடு அந்த எதிர்ப்பினால் நிறுத்திவைக்கப்பட்டது. அயலானின் எரிச்சல் பொய்யன்று. ஆனால் அவனது சேமிப்பை முடக்கியவர்கள் கூடாரவாசிகள் அல்லர் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய அரசு வாளாவிருந்தது. 2022 அக்டோபர் இறுதி முதல் 2025 ஜனவரி 9 வரை அந்நாட்டுக்கு ஜனாதிபதியே இல்லை.

2024 செப்டம்பரில் இஸ்ரேலின் குண்டுவீச்சு மூண்டதும் லட்சக்கணக்கானோர் சிரியாவுக்குள் ஓடினர். சிரியர்களோடு லெபனானியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அக்டோபர் 4ஆம் நாள் மஸ்னா எல்லைச் சாலையில் குண்டு விழுந்து பெரும்பள்ளம் உண்டாயிற்று. வண்டிகள் நின்றுவிட, இரு நாட்டாரும் மூட்டைகளைச் சுமந்து அப்பள்ளத்தைக் கால்நடையாகக் கடந்தனர்.