திருவீழிமிழலைப் படிக்காசு

திருச்சிற்றம்பலம்

இடுக்கண் வந்துழி இறைவனைப் பற்றிநிற்றல் முயற்சியிலார் செயலென்று இகழ்வாருஞ் சிலருளர். பற்றிநின்றார்க்கு முயற்சி வேண்டாவென்று மயங்குவாருஞ் சிலருளர். இவ்விரு திறத்தார்க்கும் விடையாய் நிற்பது திருவீழிமிழலைப் படிக்காசு வரலாறு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கி. பி. 7ஆம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் திருநாவுக்கரசு நாயனாரும் அடியார் திருக்கூட்டத்தோடு அப்பதியில் எழுந்தருளியிருந்த காலத்து, மழை பொய்த்து ஆறுகள் வறந்தன. நாடெங்கும் பசி பரவியது. அப்பொழுது வீழிநாதர் இருவர்க்குங் கனவிற்றோன்றி, காலக்கொடுமையால் நுமக்கு மனவாட்டம் இல்லையாயினும், நும்மை வழிபடுவார் பொருட்டு நாடோறுங் காசு தருவேமென்று அருளினார். அங்ஙனமே திருக்கோயிற் பீடத்திற் காசு வைத்தருளப்பெற்று, இருவர் திருமடங்களினும் அடியார்க்கு அமுதளிக்கப்பட்டது.

இஃது 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் புனைந்துரையோவெனின், அன்று. அவர்க்குப் பன்னூறாண்டு முற்பட்ட சுந்தரமூர்த்தி நாயனார் தமது திருவீழிமிழலைப் பதிகத்திலேயே, இசைத்தமிழ் கேட்கும் விருப்பினால் இறைவன் நாடோறுங் காசு நல்கினமையை எடுத்தோதினார். பிள்ளையார் அருளிய முதற்றிருமுறைத் திருவிருக்குக்குறட் பதிகம் ஒன்றும் அக்காசினைப் பற்றியதே.

அப்பதிகம் எழுந்த காரணம் நுணுகி நோக்கற்பாலது. நாவுக்கரசர் மடத்தில் அடியார்கள் உரிய வேளையில் அமுதுண்ண, பிள்ளையார் மடத்திற் காலந் தாழ்ந்தது. பிள்ளையார் காரணம் வினவ, திருவமுது சமைப்போர், 'அரசர் பெறுங் காசினை வணிகர் உடனே ஏற்கின்றனர். நாம் பெறுங் காசிற்கு வாசி கேட்கின்றனர்' என்றனர். வாசியாவது மாற்றுக் குறைந்த காசிற்கு வணிகர் கழித்துக்கொள்ளும் வட்டம். சோழர் கல்வெட்டுக்களில் 'அன்றாடு நற்காசு' என விதந்து கூறப்படுதலானும், காசின் நன்மை நோக்கும் வழக்கம் இந்நாட்டிற் பழையதென்பது பெறப்படும். மறுநாட் பிள்ளையார் அவ்வாசி நீங்கப் பாடியருளினார், நற்காசு வந்தது.

இறைவன் இருவர்க்கும் வேறுபாடு காட்டியதென்னை? நாவுக்கரசர் உழவாரப்படை தாங்கிக் கைத்தொண்டு புரிந்தமையின் வாசியில்லாக் காசு பெற்றாரென்றும், பிள்ளையார் இறைவர்க்கு மகனாராந் தன்மையரென்றுஞ் சேக்கிழார் குறிப்பித்தருளினார். தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம் என்று சித்தாந்த நூல்கள் வகுத்த நெறிகளிரண்டும் ஈண்டு விளங்குதல் காண்க. அடிமைக்குத் தொண்டே உரிமை. மகற்குக் கேட்டலே உரிமை. இருவர்க்கும் அளித்தவன் ஒருவனே.

இன்னுமொன்று. எல்லாம் வல்ல இறைவன் சோற்றையே தந்திருத்தல் கூடும், தந்ததோ காசு. அதனை ஒருவர் கடைத்தெருவிற்குக் கொண்டுசெல்லல் வேண்டும். வணிகர் நெல்லும் அரிசியுங் கொடுத்தல் வேண்டும். அடுவார் அடுதல் வேண்டும். பசித்தாரை அழைத்தல் வேண்டும். திருவருள் மக்கள் கைத்தொழிலை விலக்காது அதனூடே நின்று உதவிற்று. மேலும் அக்காசு பெற்றவர் தமக்கென ஒன்றும் வேண்டினாரல்லர். பிறர் பசியைத் தம் பசியாகக் கொண்டார்க்கே அது வந்தது.

அரிசிற்கரைப்புத்தூர்ப் புகழ்த்துணை நாயனார் வரலாறும் இதனை வலியுறுத்தும். பஞ்சத்தால் மெலிந்தும் அவர் இறைவனுக்குத் திருமஞ்சனம் ஆட்டுதலை விட்டாரல்லர். கைசோர்ந்து குடம் இறைவன் திருமுடிமேல் வீழ்ந்தது. அவர்க்கும் பஞ்சந் தீருமளவும் நாடோறுங் காசு கிடைத்தது. தொண்டை விடாத கைக்கே காசு வந்தமை கருதுக.

பிற்காலத்தும் இந்நெறி வழங்கியதுண்டு. 1877ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் நேர்ந்தபோது, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் சிவபத்தியின் பயனாகக் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தி ஏழைகளின் பசி தீர்த்தார்கள்.

ஆதலின், இடர்வந்துழி 'சிவனே' என்று இருத்தலாவது கைகட்டி வாளாவிருத்தலன்று; தன்செயல் அவன்செயலென்று உணர்ந்து, ஏற்ற தொண்டினின்றுந் தளராது நிற்றலேயாம். தனக்கென வேண்டுவார் வேண்டுக, அதுவுங் குற்றமன்று. அயலார் பசிக்காகவும் ஒருகால் வேண்டிப் பார்ப்பாராக. பின்னர் மழை பெய்து நாடு செழித்தது. அதுகாறும் அடியாரைக் காத்தது அக்காசும், அதனைச் சோறாக்கிய கைகளுமே.

திருச்சிற்றம்பலம்