மாத்தளையும் போர்முனைத் தபாலும்

போர் வரலாற்றை எழுதுவோர் படைத்தலைவர்களின் திட்டங்களையும் வெற்றி தோல்விகளையும் விரிவாகக் கூறுவர். கடல்கடந்து நின்ற படைவீரனுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தையும் பொதியையும் பற்றி அவர்கள் கூறுவது சிலவே. ஆயினும் சோற்றுக்கும் வெடிமருந்துக்கும் அடுத்தபடியாக ஒரு படையைத் தாங்கி நிற்பது தபாலே என்பதை எல்லா அரசுகளும் காலப்போக்கில் உணர்ந்துகொண்டன. இவ்வுண்மையை ஆராய்வதற்கு மாத்தளை பொருத்தமானதோர் இடமாகும். ஒரு காலத்தில் அது அந்நியப் படைவீரன் கடிதத்துக்காகக் காத்திருந்த இடம். பிறிதொரு காலத்தில் அந்நியப் போர்முனைக்குக் கடிதம் அனுப்பிய இடம்.

1803ஆம் ஆண்டில் கண்டிமீது படையெடுத்த பிரித்தானியர், மாத்தளையில் ஒரு கோட்டையை அமைத்துத் தம் தளபதி மக்டோவலின் பெயரை அதற்குச் சூட்டினர். அங்கு நின்ற சிப்பாய்க்குத் தாயகம் பாய்க்கப்பலில் பல மாதத் தொலைவில் இருந்தது. சாதாரணச் சிப்பாய் ஒரு பென்னிக் கட்டணத்தில் கடிதம் அனுப்பலாம் என 1795இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் உறையில் கட்டளை அதிகாரியின் ஒப்பம் இருத்தல் வேண்டும். சலுகை காகிதத்தில் இருந்தது. பாதையோ காட்டில் மறைந்து கிடந்தது. அவ்வாண்டு யூன் 24ஆந் திகதி கண்டியிலிருந்த படை மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்து அழிக்கப்பட்டபொழுது, அச்செய்தி மாத்தளைக்குக் கடிதமாக வரவில்லை. கழுத்தில் வெட்டுண்டு உயிர்தப்பிய பார்ன்சிலி என்னும் கோப்பிரலே அதனைக் கொணர்ந்தான். கோட்டைத் தலைவன் கப்டன் மாட்ஜ், நடக்கவியலாத நோயாளிகளைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினான். செய்தித் தொடர்பு அறுந்த படை எத்துணை வலிகுன்றியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அக்கோட்டை நின்ற இடம் இன்று இடுகாடாக உள்ளது.

அதன்பின் நிலைமை மாறிற்று. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1857இல் இலங்கையின் முதல் தபால் முத்திரை வெளிவந்தது. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம் 1880இல் மாத்தளைக்கு வந்தது. இவ்வசதிகள் யாவும் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் ஏற்பட்டவை; எனினும் அவற்றின் வழியே கடிதமும் சென்றது. 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயோ ஐரோப்பாவை வாரக்கணக்கில் அண்மையாக்கியது.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டதும், ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையின் 8 அதிகாரிகளும் 229 பிற நிலையினரும் ஒக்டோபர் மாதத்தில் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறினர். அவர்கள் முதலில் சுயஸ் கால்வாய்க் காவலிலும், 1915இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளுடன் கலிப்போலியிலும் பணியாற்றினர். அந்நாளில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து இத்தகையோர்க்குக் கடிதம் செல்லும் வழியை எண்ணிப்பாருங்கள். துரையின் பங்களாவில் பூட்டப்பட்ட தபால்பையை ஒரு தொழிலாளி தோளிற் சுமந்து, மைல்கணக்கில் நடந்து தபால் கந்தோருக்குக் கொண்டுசெல்வான். அங்கிருந்து புகையிரதம், கொழும்பில் கப்பல், எகிப்தில் படைத்தபாற் பிரிவு, பின்னர் லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகம், ஈற்றில் சிறுபடகில் கலிப்போலிக் கரை.

இந்தச் சங்கிலி உலகளாவியது. இலண்டன் றீஜன்ற் பூங்காவில் மரத்தாலமைந்த மாபெரும் கட்டிடத்தில், பெரும்பாலும் பெண்களான 2,500 பேர் படைத்தபாலைப் பிரித்தனர். போர்க்காலத்தில் அந்நிலையம் ஏறத்தாழ 200 கோடிக் கடிதங்களையும் 11 கோடியே 40 இலட்சம் பொதிகளையும் கையாண்டது. 1914 நத்தாருக்கு இளவரசி மேரியின் பெயரில் அனுப்பப்பட்ட அன்பளிப்புப் பெட்டிகளில், இந்தியப் படைவீரர்க்கெனக் கற்கண்டும் வாசனைத் திரவியங்களும் வைக்கப்பட்டன. பெறுபவனின் நாவையும் வழக்கத்தையும் அறிந்து அனுப்புவதே பொதியின் பயன் என்பதை இது காட்டுகின்றது. போர்ச் செலவுக்காக 1918இல் இலங்கை முத்திரைகள் சில ‘யுத்த முத்திரை’ என்னும் பொருள்படும் மேலச்சுடன் விற்கப்பட்டன. போர்முனையை ஒருபோதும் காணாதவனும் தன் சாதாரணக் கடிதத்தின் மூலம் போருக்கு இறை செலுத்தினான்.

இரண்டாம் உலகப்போரில் கப்பலிடமும் விமானச் சுமையும் அரிதாகவே, 1941இல் கடிதங்களைச் சிறு படச்சுருளிற் பதிந்து விமானத்தில் அனுப்பும் முறை வந்தது. 1,700 கடிதங்கள் அடங்கிய சுருள் சில அவுன்சு நிறையே இருந்தது. 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது, மலைநாடு மீண்டும் அந்நிய வீரர் கடிதத்துக்காகக் காத்திருக்கும் இடமாயிற்று. 1803இன் மாத்தளைச் சிப்பாய்க்கும் இவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு வீரத்தில் அன்று, தபாலில் இருந்தது.

இங்கு ஒரு வினா எழாமற் போகாது. இச்சங்கிலியின் முதற் கண்ணியாகிய தபால்பை சுமந்த தொழிலாளியின் கடிதம் எங்கே? அவனும் கடல்கடந்து வாழ்ந்தவனே. அவன் முன்னோர் மன்னாரிலிருந்து தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தவர்கள். வழியில் மாண்டவர்கள் பலர். திருச்சி, சேலம் மாவட்டச் சிற்றூர்களில் அவனுக்கும் தாயும் உடன்பிறந்தாரும் இருந்தனர். எழுத்தறியாதவன் கணக்கப்பிள்ளையிடமோ கங்காணியிடமோ சென்று, தன் மனத்துயரைப் பிறர் காதிற் கூறியே எழுதுவித்தான். அவனை அடக்கியாள்வோரே அவனுக்கு எழுதுவோராகவும் இருந்தமையால், அக்கடிதத்தில் அவன் சொல்ல விரும்பியது முழுவதும் இடம்பெற்றிருக்க இயலாது. போர்முனைக் கடிதத்துக்கு இராணுவத் தணிக்கை இருந்தது. இவனது கடிதத்துக்குத் தோட்டமே தணிக்கையாயிற்று.

துரைமாரின் கடிதங்கள் நூல்களாகவும் ஆவணங்களாகவும் காக்கப்படுகின்றன. தொழிலாளியின் கடிதங்கள் கறையானுக்கு இரையாயின. ஆகவே, மாத்தளைத் தோட்டக் குடும்பங்களிலும் தமிழகத்துச் சிற்றூர்களிலும் எஞ்சியிருக்கக்கூடிய பழைய கடிதங்களைத் தேடித் தொகுத்தல் வரலாற்று மாணவரின் கடனாகும். பிறருடைய கடிதங்களைப் போர்முனைவரை செல்லவைத்த தோள்களின் கதை எழுதப்படும்வரை, இந்நாட்டின் தபால் வரலாறு பாதியே எழுதப்பட்டதாகும்.