ஹிஸ்பானிய மரபு மாதம்

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர்கொண்ட ஹிஸ்பானியரின் மரபைப் போற்றி, அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை கொண்டாடப்படுவது. 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988-இல் சட்டத்தால் ஒரு மாதமாக விரிந்தது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்ட்டா ரிக்கா ஆகிய ஐந்தும் ஸ்பெயினிடமிருந்து 1821-இல் விடுதலை பெற்ற நாள் செப்டம்பர் 15. கொண்டாட்டம் மாத நடுவில் தொடங்குவது அதனால்தான்.

பல்கலைக்கழகங்களில் இசை, நடனம், உணவு, சொற்பொழிவு என இம்மாதம் களைகட்டும். எனினும் வளாகம் தங்களுக்கும் உரியது என்ற உணர்வை ஹிஸ்பானிய மாணவர்கள் விழாக்களால் மட்டும் பெறவில்லை, போராடியே பெற்றார்கள். நாட்டின் முதல் மெக்சிக்க அமெரிக்க ஆய்வுத் துறை 1968-இல் லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியா மாநிலக் கல்லூரியில் உருவானது. மறு ஆண்டு சாண்டா பார்பராவில் கூடிய மாணவரும் ஆசிரியரும் இத்தகைய துறைகளைப் பரப்பத் திட்டம் வகுத்தனர். இளநிலை மாணவரில் 25 விழுக்காடேனும் ஹிஸ்பானியராக இருப்பதை, 'ஹிஸ்பானியருக்குப் பணியாற்றும் நிறுவனம்' என்ற தகுதிக்குரிய அளவாகக் கூட்டரசுச் சட்டம் வைத்துள்ளது.