தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்

இந்தப் பழமொழியைச் சொல்லாத வீடு நம் குடியிருப்பில் இருக்காது. ஒற்றைத் தலைவலியின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், இது மருத்துவ உலகத்துக்கும் அப்படியே பொருந்துவது தெரிகிறது. விஞ்ஞானிகள் சிலருக்கே அந்த நோய் வந்த பிறகுதான் அது மூளையில் நடக்கும் விஷயம் என்பது உறுதிப்பட ஆரம்பித்தது. அதை அதிகம் அனுபவித்து வந்த பெண்களின் பேச்சுக்கு அதுவரை பெரிய மதிப்பு இருக்கவில்லை. "நரம்புத் தளர்ச்சி", "மனசுதான் காரணம்", "வேலைக்குப் பயந்து படுத்துக்கொண்டாள்" என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து முடித்துவிட்டார்கள்.

ஒற்றைத் தலைவலியை இப்போது எல்லோரும் மைக்ரேன் என்கிறோம். மைக்ரேன் வருபவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, வலிக்கு முன்பாகவே கண்ணில் ஒரு காட்சி தெரிவதாகச் சொல்வார்கள். பார்வையின் நடுவில் ஒரு சிறு இடம் மங்கும். அதைச் சுற்றி மின்னுகிற வளைந்த கோடு, ரம்பப் பல் போல வெட்டு வெட்டாகத் தோன்றி, மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகரும். சிலருக்குக் கை மரத்துப்போகும், பேச்சு தடுமாறும். பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். பிறகு தலைவலி ஆரம்பிக்கும். இந்த முன்னறிகுறிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆரா.

பழைய பெயர்கள்

நோய் புதிதல்ல. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர் தலையின் ஒரு பாதியை மட்டும் தாக்கும் வலியை விவரித்திருக்கிறார். அவருக்குப் பின் வந்த கேலன் அதை 'ஹெமிக்ரேனியா', அதாவது பாதி மண்டை என்றார். அந்தச் சொல்தான் பிரெஞ்சு மொழி வழியாகத் தேய்ந்து மைக்ரேன் ஆனது. நம் நாட்டு ஆயுர்வேத நூல்களிலும் பாதித் தலையைப் பிளக்கும் வலி என்ற பொருளில் 'அர்த்தாவபேதகம்' என்ற பெயர் இருக்கிறது. தமிழில் ஒற்றைத் தலைவலி. எந்த ஊரிலும் பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். காரணம்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

சீமாட்டி ஆன் கான்வே

இங்கிலாந்தில் 1631-ல் பிறந்தவர் ஆன் கான்வே. பன்னிரண்டு வயது வாக்கில் ஒரு காய்ச்சல் வந்து, அதன் பிறகு தொடங்கிய தலைவலி 1679-ல் அவர் இறக்கும்வரை விடவில்லை. பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். அந்தக் காலத்துப் பெரிய மருத்துவர்கள் அத்தனை பேரையும் பார்த்தார்கள். ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியும் அவர்களில் ஒருவர். பாதரச மருந்து கொடுத்தார்கள். மண்டை ஓட்டில் துளையிட்டால் சரியாகும் என்று நம்பி, 1656-ல் அவர் பாரிசுக்கே போனார். அங்கே துளையிடவில்லை, கழுத்து ரத்தக் குழாயைத் திறந்து ரத்தம் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். 1666-ல் கையால் தடவியே நோயைத் தீர்ப்பவர் என்று பேர் வாங்கிய வாலண்டைன் கிரேட்ரேக்ஸை அயர்லாந்திலிருந்து வரவழைத்தார்கள். அதிலும் பலன் இல்லை.

அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் தாமஸ் வில்லிஸும் உண்டு. மூளையின் அமைப்பைப் பற்றி 1664-ல் புகழ்பெற்ற நூல் எழுதியவர் இவர். மூளையின் அடியில் ரத்தக் குழாய்கள் வளையமாகச் சேரும் இடத்துக்கு இன்றும் இவர் பெயர்தான். 1672-ல் வெளியிட்ட இன்னொரு நூலில், பெயர் சொல்லாமல் ஒரு சீமாட்டியின் தீராத தலைவலியை வில்லிஸ் விவரித்தார். அது ஆன் கான்வேதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தலையின் ரத்தக் குழாய்கள் விரிந்து புடைப்பதால் வலி வருகிறது என்பது வில்லிஸின் விளக்கம். சுமார் 300 ஆண்டுகள் இந்தக் கருத்து ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

இவ்வளவு வலிக்கு நடுவிலும் ஆன் கான்வே தத்துவம் படித்தார், எழுதினார். அவருடைய நூல் அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1690-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் லத்தீனில் வெளிவந்தது. தத்துவ அறிஞர் லைப்னிஸ் அவர் கருத்துகளை மதித்துக் குறிப்பிட்டிருக்கிறார். தலைவலிக்காரி என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒரு பெண்ணின் மூளை அது.

1870: ஒரே ஆண்டில் இரண்டு சம்பவங்கள்

கிரீனிச் வானியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்த வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரிக்குக் கண்ணில் இந்த மின்னல் கோடுகள் வருவதுண்டு. 1865-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் மகன் ஹ்யூபர்ட் ஏரி ஒரு மருத்துவர். அவருக்கும் அதே தொல்லை. மகன் ஒரு படி மேலே போனார். கோடு எங்கே தொடங்குகிறது, நிமிடத்துக்கு நிமிடம் எப்படி விரிகிறது, எந்த நிறம் எங்கே தெரிகிறது என்று வரைந்தே காட்டினார். கோட்டை மதிலின் கொத்தளங்களை மேலிருந்து பார்ப்பது போல இருந்ததால், மதில் என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குப் பெயரிட்டார். 1870-ல் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தப் படங்கள் வெளிவந்தன. கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்தான் என்றும் அவர் வாதிட்டார். இன்றைக்கும் ஆரா உள்ளவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால், "இதேதான்" என்பார்கள்.

அதே 1870-ல், எலிசபெத் காரெட் என்ற ஆங்கிலேயப் பெண் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை அங்கே பெற்ற முதல் பெண் அவர். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்ததால் பாரிசுக்குப் போக வேண்டியிருந்தது. பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு என்ன தெரியுமா? மைக்ரேன். பின்னாளில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்று புகழ்பெற்ற இவர், பெண்களுக்கான மருத்துவமனையும், பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியும் லண்டனில் வளரக் காரணமானார்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்த முதல் மாணவிகளில் ஒருவரான மேரி ஷார்லீப், மேற்படிப்பு படித்தது அந்த லண்டன் கல்லூரியில்தான். அவர் திரும்பி வந்து 1885-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனையைத் திருவல்லிக்கேணியில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் பலருக்குத் தெரியும்.

நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர்

அடுத்த முக்கியமான ஆள் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் லாஷ்லி. இவருக்கும் ஆரா உண்டு. கண்ணில் குருட்டுப்புள்ளி நகரும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து, காகிதத்தில் வரைந்து வைத்தார். பார்வையைக் கவனிக்கும் பகுதி மூளையின் பின்புறத்தில் இருக்கிறது. அதன் மேற்பரப்பான புறணியில், நாம் காணும் காட்சியின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இடம் உண்டு. அந்த வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஏதோ ஒரு அலை அந்தப் புறணியின் மேல் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் எழுதினார். மண்டையைத் திறக்கவில்லை, கருவி எதுவும் இல்லை. காகிதம், பென்சில், கடிகாரம் மட்டும்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஹார்வர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரேசில் நாட்டு அரிஸ்டிடெஸ் லியாவ், முயலின் மூளைப் புறணியில் ஒரு வினோதத்தைக் கண்டார். ஓரிடத்தைத் தூண்டினால், மின் செயல்பாடு அடங்கிப்போகும் ஒரு அலை அங்கிருந்து குளத்தில் கல் எறிந்தது போல மெல்லப் பரவியது. அதன் வேகமும் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். 1958-ல் பீட்டர் மில்னர் என்ற விஞ்ஞானி இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால், வெவ்வேறு கிளைகளில் எழுதிய இரண்டு பேரேடுகள் டாலி ஆயின. 2001-ல் நூஷின் ஹஜிகானி என்ற பெண் மருத்துவர் தலைமையிலான குழு, ஆரா வந்துகொண்டிருக்கும்போதே ஒருவரின் மூளையை ஸ்கேன் செய்தது. கூடைப்பந்து ஆடினால் அவருக்கு ஆரா வரும் என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஸ்கேனில் தெரிந்த மாற்றமும் நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது.

பெண்களை எண்ணத் தொடங்கியபோது

சிறு வயதில் மைக்ரேன் ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் வருகிறது. பருவமடைந்த பிறகு, பெண்களிடம் சுமார் மூன்று மடங்கு. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்குவது தலைவலியைத் தூண்டுகிறது என்று 1972-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சாமர்வில் எடுத்துக்காட்டினார். ஆக, "மாசாமாசம் இதே பாட்டு" என்று கேலி செய்யப்பட்ட விஷயத்துக்குப் பின்னால் ரத்தத்தில் அளந்து காட்டக்கூடிய ஒரு மாற்றம் இருந்தது.

எம்.ஆர்.ஐ. வந்தபின் மூளையின் அமைப்பையே பார்க்க முடிந்தது. நெதர்லாந்தில் மைக்ரேன் உள்ள 295 பேரையும் இல்லாத 140 பேரையும் ஒப்பிட்டு 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. மைக்ரேன் உள்ள பெண்களின் மூளையில், உட்புறத்து வெண்பொருளில் சிறு புள்ளிகள் அதிகம் காணப்பட்டன. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் திரும்பவும் பார்த்தார்கள். மைக்ரேன் உள்ள பெண்களில் 77 சதவீதத்தினருக்கும், இல்லாத பெண்களில் 60 சதவீதத்தினருக்கும் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் நினைவாற்றலிலோ சிந்தனையிலோ அதனால் குறைவு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. 2012-ல் வெளிவந்த இந்தச் செய்தியை, ஸ்கேன் ரிப்போர்ட்டில் "வெண்பொருள் மாற்றங்கள்" என்ற வரியைப் பார்த்துத் தூக்கம் இழந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டென்மார்க்கில் ஆரா உள்ள பெண்களை, இரட்டையர் பதிவேட்டிலிருந்து தேர்ந்தெடுத்து ஆராய்ந்தார்கள். 2016-ல் வந்த முடிவில், மறைவான பக்கவாதத் தழும்புகளோ வெண்பொருள் புள்ளிகளோ அவர்களுக்குக் கூடுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. 2018-ல் வந்த முடிவில், பார்வைப் புறணியின் சில பகுதிகள் அவர்களுக்குச் சற்றே தடிமனாக இருந்தன. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு அளவுதான். ஆனாலும், ஹ்யூபர்ட் ஏரி சந்தேகப்பட்ட அதே உறுப்பில், லாஷ்லி கணக்குப் போட்ட அதே பரப்பில் அந்த வித்தியாசம் தெரிந்தது.

நம் வீட்டுக்கு என்ன?

அமெரிக்காவில் 45 வயதுக்கு மேற்பட்ட 27,840 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-ல் வந்தது. ஆராவுடன் மைக்ரேன் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்றது. இரு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். கணக்காகப் பார்த்தால், ஆண்டுக்கு 10,000 பெண்களில் கூடுதலாக 18 பேர். அலட்சியம் செய்யக்கூடிய எண் அல்ல, அலறக்கூடிய எண்ணும் அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆரா வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மகளோ மருமகளோ மருத்துவரிடம் போகும்போது, கண்ணில் மின்னல் தெரிவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஆரா மெல்லப் பரவும், அந்த 3 மில்லிமீட்டர் வேகம்தான் காரணம். பக்கவாதம் பெரும்பாலும் திடீரென்று வரும். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு சட்டென்று குழறினாலோ, ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக இப்படி வந்தாலோ, மைக்ரேன்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, வீட்டுக் காலண்டரிலேயே குறித்து வாருங்கள்: என்று வந்தது, கண்ணில் என்ன தெரிந்தது, எத்தனை நிமிடம், மாதவிடாய் எப்போது, என்ன மருந்து. இரண்டு மூன்று மாதக் குறிப்பு இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. இருட்டறையில் படுத்திருப்பவரிடம், "இன்னும் எழுந்திருக்கலையா?" என்று கேட்பதற்குப் பதிலாக, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அன்றைக்கு அடுப்படியை நாம் பார்த்துக்கொள்ளலாம்.