மூன்றாவது கதவு

போடிநாயக்கனூரிலிருந்து மலைக்குப் போகும் ஜீப்பில் என் அப்பத்தாவை ஏற்றியது ஒரு தனி வைபவம். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்கனவே மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கிப் பேர் பின்புறமாகத்தான் ஏறியாக வேண்டும். அங்கே கதவு என்று ஒன்று கிடையாது; இடுப்புயரத்தில் ஒரு பலகை, அதன் கீழே பாதம் பாதிகூடப் பதியாத ஓர் இரும்புப் படி, அவ்வளவுதான். "ஆத்தா, காலைத் தூக்கி வைங்க" என்று டிரைவர் மேலேயிருந்து கையைப் பிடிக்க, நான் கீழேயிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே போய்ச் சேர்ந்த அப்பத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "ஏய்யா, இந்த வண்டியச் செஞ்சவனுக்கு ஆத்தா, பொண்டாட்டின்னு வீட்டுல ஒருத்தரும் கிடையாதா?"

வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல என்பது வெகு காலம் கழித்துப் பழைய மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜீப்பைச் செய்தவர்கள் பட்டாளத்துக்காகச் செய்தார்கள். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரில், வில்லிஸ் கம்பெனி அதைச் செய்து குவித்தது. சிப்பாய்க்குக் கதவு எதற்கு? குதித்து ஏறுவான், குதித்து இறங்குவான். 1947-ல் மகீந்திரா கம்பெனி அந்த வண்டியை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த ஒன்றுதான் என் அப்பத்தாவைப் பாடாய்ப் படுத்தியது.

யுத்தம் முடிந்தது. வீடு திரும்பிய சிப்பாய் கல்யாணம் செய்துகொண்டான், குழந்தைகள் பிறந்தன. இப்போது டொலீடோக்காரர்களே அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டம் வந்தது. 1946-ல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு ஒரு 'ஸ்டேஷன் வாகன்' செய்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிவரும் வண்டிக்கு அங்கே ஏற்பட்ட பெயர் அது. அந்த ஜாதி வண்டிகளுக்கு அதுவரையில் மரத்தாலேயே கூடு கட்டுவது வழக்கம். வில்லிஸ்காரர்கள் முழுவதும் எஃகில் செய்துவிட்டு, ஜனங்கள் மிரண்டுவிடக் கூடாது என்றோ என்னவோ, மரம்போலத் தோன்றும்படி வர்ணம் பூசினார்கள்! 1949-ல் அதற்கு நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஏற்பாடும் வந்தது. ஆனால் எஞ்சின் சிறியது. கதவுகளும் இரண்டே இரண்டு.

பெரிய குடும்பத்துக்குப் பெரிய வண்டி என்று பார்த்தால் மூன்றைத்தான் எடைபோட வேண்டும். செவர்லே கம்பெனியின் சபர்பன், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டிராவலால், ஜீப் கம்பெனியின் வாகனீர். இந்த மாதிரி வண்டிகளின் அபிமானிகள் எஞ்சின் பலத்தையும் இழுவைச் சக்தியையும் வைத்துச் சண்டை போடுவார்கள். நான் கதை எழுதுகிறவன்; எனக்கு வேறு கணக்கு. எந்த வண்டியில் யார் எந்தப் பக்கமாக ஏறினார்கள்?

மூத்தது சபர்பன். 1935-ல் அரை டன் லாரியின் அடிச்சட்டத்தின்மேல் எஃகுக் கூடு கட்டி, எட்டுப் பேர் உட்கார இடம் வைத்து விற்றார்கள். 1957-ல், மினியாபோலிஸ் நகரத்து நாப்கோ கம்பெனியின் சாமான்களைப் பூட்டி, நான்கு சக்கர விசையோடு தொழிற்சாலையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது. பலசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் எட்டுப் பேருக்கும் கதவு இரண்டு. முன் ஆசனத்தை மடக்கி, அதைத் தாண்டி, குனிந்து நுழைந்து பின்னால் போகவேண்டும். குழந்தை போய்விடும். கர்ப்பிணிப் பெண் எப்படிப் போவாள்?

டிராவலால் 1953-ல் பிறந்தது. அதைச் செய்தவர்கள் கதிர் அறுக்கும் இயந்திரமும் டிராக்டரும் செய்து பெயர் வாங்கினவர்கள். 1956-ல் நான்கு சக்கர விசை கொடுத்தார்கள். மறு வருஷமே, 1957-ல், ஒரு சின்னக் காரியம் செய்தார்கள்: வலது பக்கம், டிரைவருக்கு எதிர்ப்புறத்தில், பின் ஆசனத்துக்கென்று மூன்றாவதாக ஒரு கதவு வைத்தார்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறமாகப் போகும். ஆகவே அந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் நடைபாதையில் இறங்குவார்கள். 1961-ல் நான்காவது கதவும் வந்துவிட்டது.

உழவுக் கருவி விற்கிற கம்பெனிக்கு இந்த யோசனை எப்படி முந்தித் தோன்றிற்று? என் ஊகத்தைச் சொல்கிறேன். குடியானவன் வீட்டில் ஒரே வண்டிதான் கிழமை நாளில் தீவன மூட்டை சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் சுமக்கும். அந்த மாமியார் வாய்விட்டுக் கேட்டிருப்பாள், என் அப்பத்தாவைப் போலவே.

1962 நவம்பரில், 1963-ம் வருஷத்து வண்டியாக, வாகனீர் வந்தது. இதற்கும் உருவம் கொடுத்தவர் அதே புரூக்ஸ் ஸ்டீவன்ஸ்தான். தரை தாழ்ந்து, ஏறுவதற்குச் சுளுவாக இருந்தது. நான்கு கதவு வண்டி முதல் வருஷத்திலேயே கிடைத்தது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பையும் நான்கு சக்கர விசையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சபர்பனும் டிராவலாலும் லாரிக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி என்றால், இது காராகவே நடந்துகொள்ளப் பார்த்த வண்டி. மூன்றிலும் சிறியதும் இதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 110 அங்குலம். 1967-ம் வருஷத்துச் சபர்பனுக்கு 127.

கதவைத் தவிர இன்னொரு தொல்லையும் உண்டு. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டு அச்சுகளையும் விறைப்பாகப் பிணைத்திருந்தால் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கு தீர்ந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் தீராது. ஆகையால் வேண்டும்போது பிணைத்து, வேண்டாதபோது பிரிக்கவேண்டும். பல வண்டிகளில் இதற்காகக் கீழே இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் உள்ள குமிழைக் கையால் திருகவேண்டும். மழை கொட்டுகிறது, பின்னால் குழந்தை அழுகிறது, ஓட்டி வந்தவள் தாய். அவள் முழங்கால் சேற்றில் இறங்கித் திருகவேண்டுமா?

1973-ல் வாகனீருக்கு வந்த 'குவாட்ரா டிராக்' என்ற ஏற்பாடு இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிபரன்ஷியல் வைத்து, வளைவில் ஏற்படும் வித்தியாசத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும்; யாரும் இறங்க வேண்டாம். எஞ்சின் பலத்தைப் பெரிதாகப் பேசுகிறவர்களைவிட இந்த ஒரு யோசனையைச் செய்தவனுக்கு நான் மாலை போடுவேன்.

சபர்பன் என்ன செய்துகொண்டிருந்தது என்கிறீர்களா? 1967-ல் வலது பக்கம் இரண்டு கதவு, இடது பக்கம் ஒன்று என்று மூன்றாவது கதவை வைத்தது. டிராவலால் அதைச் செய்து பத்து வருஷம் ஆகியிருந்தது! நான்காவது கதவு 1973-ல் வந்தது. இடது பக்கம் உட்கார்ந்த குழந்தைக்குத் தன் பக்கத்துக் கதவு கிடைக்க 38 வருஷம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூன்றில் முதலில் மறைந்தது டிராவலால் என்று எழுதவேண்டியிருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் வண்டிகளுக்குப் பொல்லாத காலம் பிறந்தது. 1975-ல் டிராவலாலை நிறுத்திவிட்டார்கள். 1985-ல் அந்தக் கம்பெனியின் டிராக்டர் தொழிலே வேறு கைக்குப் போயிற்று.

வாகனீர் எஜமானர்களை மாற்றிக்கொண்டே பிழைத்தது. 1970-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987-ல் கிறைஸ்லர் என்று கைமாறி, உருவம் அதிகம் மாறாமல் 1991 வரையில் வந்தது. கடைசிக் காலத்தில் அதன் பக்கங்களில் மரம்போன்ற அச்சுத் தாளை ஒட்டி விற்றார்கள். 1946-ல் வர்ணமாகப் பூசிய பொய் மரம் 45 வருஷம் கழித்து ஒட்டுத் தாளாக நின்றது. பணக்காரர்கள் அதை ஆசை ஆசையாக வாங்கினார்கள். இப்போதும் பழைய வண்டிகளைத் தேடி வாங்கிப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

சபர்பன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. எனக்கு அதன்மேல் விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றையும் வரிசையாக நிறுத்தி ஒன்றை எடுத்துக்கொள் என்றால், நான் 1957-ம் வருஷத்து டிராவலாலிடம்தான் போய் நிற்பேன்; வலது பக்கமாக.